பாராட்டிய மேற்கத்தியர்களை மட்டும் எடுத்துக்காட்டுவது சரியா?

ஏடுபுரட்டி (இழையைத் தொடங்கியவர்)

அஸ்ஸலாமு அலைக்கும். பிற சமய நண்பர்களுக்கு வணக்கம்.

இஸ்லாத்தைப் பற்றித் தமிழில் வரும் சிறு நூல்களிலும் சொற்பொழிவுகளிலும் ஒரு பகுதி எப்போதும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். எழுத்தாளர் தாமஸ் கார்லைல் இப்படிச் சொன்னார், வரலாற்றாசிரியர் கிப்பன் அப்படிச் சொன்னார், மைக்கேல் ஹார்ட் தம்முடைய 100 பேர் பட்டியலில் நபிகள் நாயகத்துக்கு (ஸல்) முதலிடம் கொடுத்தார் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். நானும் அப்படி அடுக்கியவன்தான். அண்மையில் அந்த மேற்கோள்கள் இருக்கும் பக்கங்களைத் தேடி முழுமையாகப் படித்தேன். படித்தபின் வந்த சங்கடம்தான் இந்த இழைக்குக் காரணம்.

கிப்பனை எடுத்துக்கொள்வோம். ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய அவருடைய பெருநூலின் 50ஆம் அத்தியாயம் 1788இல் வெளிவந்தது. இறைவன் ஒருவனே என்பதற்குக் குர்ஆன் சிறப்புமிக்க சான்று என்று அவர் எழுதியது உண்மை. ஆனால் அதே அத்தியாயத்தில், இந்தச் சமயம் என்றும் அழியாத ஓர் உண்மையும் தேவை கருதிச் சேர்த்த ஒரு புனைவும் கலந்தது என்றும் எழுதுகிறார். அவர் உண்மை என்பது கலிமா என்னும் நம்பிக்கைச் சாட்சியத்தின் முதல் பாதியை, அதாவது இறைவன் ஒருவனே என்பதை. புனைவு என்பது இரண்டாம் பாதியை. அதாவது முஹம்மத் அல்லாஹ்வின் தூதர் என்னும் சாட்சியத்தையே புனைவு என்கிறார். நம் நூல்கள் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகின்றன.

கார்லைல் மாவீரர்களைப் பற்றிய தம் சொற்பொழிவுத் தொடரில் 1840 மே 8 அன்று ஆற்றிய உரையில், நபிகளார்மீது சுமத்தப்பட்ட பொய்கள் நமக்கே இழிவு என்று தம் மக்களைக் கண்டித்தார். அது துணிச்சலான பேச்சு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அதே உரையில், நம்மில் யாரும் முஸ்லிமாகிவிடும் ஆபத்து இல்லாததால் இவரைப் பற்றி நியாயமாகச் சொல்லக்கூடிய நல்லதையெல்லாம் சொல்லப்போகிறேன் என்கிறார். குர்ஆனைப் பற்றியோ, தாம் இவ்வளவு பாடுபட்டு வேறெதையும் படித்ததில்லை என்றும், கடமையுணர்ச்சி இல்லாவிட்டால் எந்த ஐரோப்பியரும் அதைக் கடைசிவரை படிக்க முடியாது என்றும் சலித்துக்கொள்கிறார். ஹார்ட்டின் அளவுகோல் வரலாற்றில் ஒருவர் ஏற்படுத்திய தாக்கம் மட்டுமே. 1978இல் வந்த அந்தப் பட்டியலில் ஜெங்கிஸ் கானும் ஹிட்லரும்கூட இருக்கிறார்கள். முதலிடத்தைப் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பந்தியில் உடன் அமர்ந்திருப்பவர்கள் யார் என்று பார்ப்பதில்லை.

என் ஐயம் இதுதான். பழித்த மேற்கத்தியரும் புகழ்ந்த மேற்கத்தியரும் கேட்ட கேள்வி ஒன்றாகவே இருந்திருக்கிறது: இந்த மனிதர் எப்படிப்பட்டவர்? வஞ்சகர் என்றார் ஒருவர், மாவீரர் என்றார் இன்னொருவர். ஒரு முஸ்லிமின் அன்றாட வாழ்வோ தொழுகையிலும் ஓதலிலும் நோன்பிலும் நடக்கிறது. அந்த இடத்தை இருவருமே பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

நேர்வழி

வ அலைக்குமுஸ்ஸலாம். சகோதரர் ஏடுபுரட்டி சொல்லும் தகவல்களை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மேற்கோள்கள் எந்தச் சூழலில் நம்மிடையே பரவின என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஏறத்தாழ 1100ஆம் ஆண்டைச் சேர்ந்த ரோலாந்து என்னும் வீரரைப் பாடும் பிரெஞ்சுக் காப்பியத்தில், முஸ்லிம்கள் மூன்று சிலைகளை வணங்குபவர்களாகக் காட்டப்படுகிறார்கள். அவற்றுள் ஒரு சிலை நபிகளாருடையதாம். உருவ வழிபாட்டை முற்றாக விலக்கிய ஒரு சமுதாயத்தைப் பற்றி இப்படிப் பாடியிருக்கிறார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் நபிகளாரை நரகத்தில் வைத்தார். இத்தனை நூற்றாண்டுப் பழிச்சொல்லுக்குப் பிறகு, ஐரோப்பியர் ஆட்சியின்கீழ் வாழ்ந்த முஸ்லிம்களுக்கு, ஆள்பவர்களின் இனத்திலிருந்தே ஒருவர் எழுந்து "இது பொய்" என்று சொன்னது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்? எதிர்த்தரப்பின் வாயிலிருந்து வரும் சாட்சிக்கு வழக்காடு மன்றத்தில் தனி மதிப்பு உண்டு. அதைப் பயன்படுத்தியதில் என்ன தவறு?

கால்தடம்

நான் முஸ்லிம் அல்லன், வரலாறு படிப்பவன். நேர்வழி அவர்கள் சுட்டிய தாந்தேயிடமே ஒரு முரண் இருக்கிறது. அவர் மெய்யியலாளர்களான இப்னு சீனாவையும் இப்னு ருஷ்தையும் சுல்தான் சலாஹுத்தீனையும் தண்டனை இல்லாத விளிம்புப் பகுதியில், அரிஸ்டாட்டிலும் பிளேட்டோவும் இருக்கும் இடத்தில் வைத்தார். அறிவையும் வீரத்தையும் மதித்தார், சமயத்தை மதிக்கவில்லை. "மேற்கு" என்று ஒற்றைச் சொல்லால் சுட்டினால் இத்தகைய மடிப்புகள் மறைந்துவிடும்.

புகழ்ச்சி, பழிப்பு என்ற பிரிவினைக்குப் பதிலாக, யார் எவ்வளவு உழைத்துப் படித்தார் என்று பார்க்கலாம் என்பது என் கருத்து. 8ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் துறவி டமாஸ்கஸ் யோவான் உமையா என்னும் முஸ்லிம் அரச மரபின் ஆட்சியின்கீழ் வாழ்ந்தவர். இஸ்லாத்தைத் தனிச் சமயமாகவே கருதாமல், கிறிஸ்தவத்திலிருந்து திரிந்த கொள்கைகளின் பட்டியலில் ஒன்றாகச் சேர்த்தார். 1143இல், குளூனி மடத்தின் தலைவர் பீட்டர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, கெட்டன் ஊர் ராபர்ட் குர்ஆனை முதன்முதலாக முழுமையாக இலத்தீனில் பெயர்த்தார். மறுப்பதற்காகச் செய்த பெயர்ப்பு அது; தலைப்பிலேயே நபிகளைப் பொய்த் தீர்க்கதரிசி என்றது. ஆனால் அந்த மனிதர் முஸ்லிம் விரிவுரையாளர்களின் விளக்கங்களையும் தேடிப் படித்து, பல இடங்களில் அவற்றைப் பெயர்ப்புக்குள்ளேயே கலந்திருக்கிறார். 400 ஆண்டுகள் கழித்து, 1543இல், அது பாசல் நகரில் அச்சேறியது. நகரசபை முதலில் படிகளைப் பறிமுதல் செய்து அச்சிட்டவரைச் சிறையில் தள்ளியது. விடுவிக்கும்படி கடிதம் எழுதியவர் மார்ட்டின் லூதர். இந்த நூலை எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவதைவிடத் துருக்கியருக்கு (அன்று முஸ்லிம்களை அப்படித்தான் அழைத்தார்கள்) பெரிய தீங்கு வேறில்லை என்பது அவர் வாதம்! பகையினால் ஒரு நூல் காப்பாற்றப்பட்ட கதை இது.

ஆங்கிலத்தின் முதல் பெயர்ப்பு 1649இல் வந்தது. அது அரபியிலிருந்து வந்ததன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பிரெஞ்சுப் பெயர்ப்பிலிருந்து பெயர்த்தது. அதைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1698இல் இத்தாலியின் மராச்சி வெளியிட்ட பதிப்பு வேறு தரத்தது. அரபு மூலம், இலத்தீன் பெயர்ப்பு, முஸ்லிம் விரிவுரைகளிலிருந்து மேற்கோள்கள், அவற்றோடு வரிக்கு வரி மறுப்பு என எல்லாம் அதில் உண்டு. மறுப்பை மட்டும் விட்டுவிட்டால் எஞ்சுவது அந்தக் காலத்தின் தலைசிறந்த அரபுப் புலமை. 1734இல் ஜார்ஜ் சேல் ஆங்கிலத்தில் நிதானமான பெயர்ப்பைத் தந்தபோது அவர் பெரிதும் சாய்ந்து நின்றது மராச்சியின் தோளில்தான். கார்லைல் படித்துச் சலித்தது சேலின் பெயர்ப்பை. வெறுத்தவர் அரபி கற்றார், புகழ்ந்தவர் கற்கவில்லை. இருவரில் யாரிடம் நாம் அதிகம் கற்கலாம்?

இவர்களுக்கிடையில் நான் மிகவும் மதிப்பவர் உத்ரெக்ட் பேராசிரியர் ரெலாந்து. 1705இல் அவர் எழுதிய இலத்தீன் நூல், ஒரு சமயத்தை அதன் எதிரிகளிடமிருந்து அறியாமல் அதைப் பின்பற்றுவோரிடமிருந்தே அறிய வேண்டும் என்று வாதிட்டது. முஸ்லிம்கள் எழுதிய சிறு நம்பிக்கைச் சுவடி ஒன்றை அப்படியே தந்துவிட்டு, ஐரோப்பாவில் உலவிய பொய்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தது. கத்தோலிக்கத் திருச்சபை அதைத் தடைசெய்த நூல்களின் பட்டியலில் சேர்த்தது. அவர் பெயரை நம் மேடைகளில் யாரும் சொல்லக் கேட்டதில்லை. மேற்கோளாக எடுத்துப்போட எடுப்பான வாசகம் எதையும் அவர் எழுதவில்லை என்பதே காரணமாக இருக்கலாம்.

வினாக்குறி

ஒரு கேள்வியைத் தயக்கத்தோடு கேட்கிறேன். யாரையும் புண்படுத்தும் எண்ணமில்லை. நான் குர்ஆனின் தமிழ்ப் பெயர்ப்பு ஒன்றை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். இரண்டாம் அத்தியாயத்தைக் கடப்பதற்குள் களைத்துப்போனேன். சட்டம், கதை, எச்சரிக்கை, வேண்டுதல் எல்லாம் முன்பின்னாக வருகின்றன. சொன்னதே மீண்டும் வருகிறது. கார்லைலின் சலிப்பு எனக்குப் புரிகிறது. அப்படியானால் குறை அவரிடம் மட்டுமா?

மறைநிழல்

பிஸ்மில்லாஹ். வினாக்குறி அவர்கள் நேர்மையாகக் கேட்டிருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அரபு மத்ரஸாவில் ஓதியவன், இப்போது ஓதிக்கொடுப்பவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குர்ஆன் என்ற சொல்லுக்கே ஓதப்படுவது என்று பொருள். முதலில் இறங்கிய வசனம் "ஓதுவீராக" என்று தொடங்குகிறது. 73ஆம் அத்தியாயம் குர்ஆனை நிறுத்தி நிதானமாக, திருத்தமாக ஓதும்படி கட்டளையிடுகிறது. நம்பிக்கையாளருக்கும் குர்ஆனுக்கும் உள்ள உறவு வாசகருக்கும் நூலுக்கும் உள்ள உறவன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஃபஜ்ர் 2, லுஹர் 4, அஸர் 4, மக்ரிப் 3, இஷா 4 என்று கடமையான தொழுகைகளில் ஒரு நாளைக்கு 17 ரக்அத்துகள் (தொழுகையின் சுற்றுகள்). ஒவ்வொன்றிலும் குர்ஆனின் முதல் அத்தியாயமான, ஏழு வசனங்கள் கொண்ட ஃபாத்திஹா உண்டு. ஆக, உபரித் தொழுகை எதுவும் தொழாத ஒருவர்கூட அதை நாளொன்றுக்கு 17 முறை சொல்கிறார். ஒரு பிள்ளை அடுத்ததாக மனனம் செய்வது இரண்டாம் அத்தியாயத்தை அன்று; கடைசியில் உள்ள சின்னஞ்சிறு அத்தியாயங்களை. நீங்கள் தொடங்கிய அந்த 286 வசனங்கள் கொண்ட நெடிய அத்தியாயத்துக்கு அந்தப் பிள்ளை வந்துசேர ஆண்டுகள் ஆகும். வீட்டின் புறவாசல் வழியாக நுழைந்து வரவேற்பறை எங்கே என்று தேடியதுபோல் ஆகிவிட்டது உங்கள் நிலை.

வரிசையில்தான் குழப்பம் என்று நினைத்து அதைச் சரிசெய்ய முயன்றவர்களும் உண்டு. 1860இல் ஜெர்மனியின் நோல்டெக்கே அத்தியாயங்களை மக்காவின் மூன்று கட்டங்கள், மதீனாவின் ஒரு கட்டம் என நான்காகப் பகுத்தார். அடுத்த ஆண்டே ராட்வெல் தம் ஆங்கிலப் பெயர்ப்பைக் கால வரிசையில் மாற்றி அடுக்கி வெளியிட்டார். மக்கீ (மக்காவில் இறங்கியவை), மதனீ (மதீனாவில் இறங்கியவை) என்ற பகுப்பும், எந்த வசனம் எந்தச் சூழலில் இறங்கியது என்ற ஆய்வும் நம் முன்னோரிடமும் இருந்தவையே. ஆகவே ஆய்வு என்ற அளவில் நோல்டெக்கே நமக்கு அந்நியரல்லர். ஆனால் ராட்வெல் செய்தது வேறு. குர்ஆனை ஒரு மனிதரின் மனவளர்ச்சியைக் காட்டும் நாட்குறிப்பாக அவர் ஆக்கினார். சகோதரர் ஏடுபுரட்டி சொன்ன அதே இடம்தான்: அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்ற கேள்விக்குக் குர்ஆன் வெறும் ஆதாரப் பத்திரமாகிவிட்டது. தொழுகையில் நிற்பவருக்கோ முதலில் இறங்கியதும் கடைசியில் இறங்கியதும் இந்த நொடியில் தம்மிடம் பேசப்படுபவையே.

மேற்கத்தியரில் இதை உணர்ந்தவர் இல்லாமலில்லை. ஆர்தர் ஆர்பெரி 1955இல் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்புக்கு "பொருள்விளக்கம் தரப்பட்ட குர்ஆன்" என்ற கருத்தில் பெயரிட்டார்; மூலத்தைப் பெயர்க்க இயலாது என்னும் முஸ்லிம்களின் நிலையை அவர் ஏற்றுக்கொண்டதற்கு அந்தத் தலைப்பே அடையாளம். கெய்ரோவில் வாழ்ந்தபோது ரமளான் இரவுகளில் ஒரு முதியவர் ஓதுவதைத் தம் வீட்டிலிருந்தபடியே மெய்மறந்து கேட்டதைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அவருக்கு முன்பே, இஸ்லாத்தைத் தழுவிய பிக்தால் 1930இல் தம் பெயர்ப்பைக் குர்ஆனின் பொருள் என்றுதான் அழைத்தார். ஆர்பெரி இஸ்லாத்தைத் தழுவவில்லை, ஆனால் செவி கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியே நிற்பவர் கண்ணுக்கு வணக்கத்தின் வடிவம் தெரியும், உள்ளத்தின் எண்ணமான நிய்யத் தெரியாது. எட்வர்ட் லேன் 1836இல் எகிப்தியர்களைப் பற்றி எழுதிய நூலில் தொழுகையின் ஒவ்வொரு நிலையையும் படம் வரைந்து காட்டினார். குறை சொல்ல முடியாத உழைப்பு. ஆனால் நபிமொழிகளைத் திரட்டிய புகாரியின் தொகுப்பில் முதல் ஹதீஸே (நபிமொழியே), செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பதுதான். கஃபாவில் உள்ள ஹஜ்ருல் அஸ்வத் என்னும் கருங்கல்லை முத்தமிடுவதைக் கண்டு கல் வணக்கத்தின் எச்சம் என்று எழுதியவர்கள் பலர். உமர் (ரலி) அந்தக் கல்லின் முன் நின்று, நீ ஒரு கல், உன்னால் நன்மையும் செய்ய முடியாது தீங்கும் செய்ய முடியாது என்பதை அறிவேன், நபிகளார் முத்தமிட்டதைக் கண்டிராவிட்டால் நானும் முத்தமிட மாட்டேன் என்று சொன்னதும் அதே புகாரியில்தான் இருக்கிறது. ஆட்சேபமும் அதற்கான பதிலும் நம் மரபுக்குள்ளேயே பதிவாகியிருக்க, வெளியிலிருந்து வந்தவர் தாமே முதலில் கண்டுபிடித்ததுபோல் எழுதுவது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கும்.

நேர்வழி

உஸ்தாத் (ஆசிரியர்) மறைநிழல் அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆனால் கால்தடம் அவர்கள் "உழைத்தவரிடம் கற்கலாம்" என்று சொன்னதை நான் ஏற்கத் தயங்குகிறேன். ஐரோப்பிய ஆய்வாளர்களான கோல்ட்ஸிஹரும் ஷாக்டும் உழைக்காதவர்களா? அந்த உழைப்பெல்லாம் ஹதீஸ்கள் பிற்காலத்தில் உண்டாக்கப்பட்டவை என்று நிறுவுவதற்குப் பயன்பட்டது. நபிவழியான ஸுன்னாவை எடுத்துவிட்டால் எப்படித் தொழுவது என்பதே நமக்குத் தெரியாது. ரக்அத்துகளின் எண்ணிக்கை குர்ஆனில் சொல்லப்படவில்லை. வெளிப்படையாகத் திட்டுபவரைவிட, அமைதியாக அடிக்கல்லைப் பெயர்ப்பவர் ஆபத்தானவர் அல்லவா?

ஏடுபுரட்டி

நேர்வழி அவர்களின் அச்சம் நியாயமானதே. ஆனால் கோல்ட்ஸிஹரை நான் அவ்வளவு எளிதாக எதிரணியில் நிறுத்த மாட்டேன். ஹங்கேரியைச் சேர்ந்த அந்த யூத அறிஞர் 1873–74இல் கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் மாணவராக அமர்ந்து பாடம் கேட்டார். இஸ்லாத்தின் ஓரிறைக் கொள்கை தம்மை எவ்வளவு ஈர்த்தது என்பதையும், ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகையில் ஆயிரக்கணக்கானோரோடு தாமும் நெற்றியைத் தரையில் வைத்ததையும் தம் நாட்குறிப்பில் உருக்கமாக எழுதியிருக்கிறார். கடைசிவரை யூதராகவே வாழ்ந்தார். அதே மனிதர் 1889–90இல் வெளியிட்ட ஆய்வில், ஹதீஸ்களில் பலவும் முதல் இரண்டு நூற்றாண்டுகளின் அரசியல், கொள்கைப் பூசல்களின் பிரதிபலிப்பு என்றார். அன்பு இருந்தது, ஐயமும் இருந்தது. இவரைப் புகழ்ந்தவர் வரிசையில் வைப்பீர்களா, பழித்தவர் வரிசையிலா?

ஷாக்ட் 1950இல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு சட்ட விவாதத்தில் பொருத்தமான ஹதீஸ் ஒன்றை யாரும் எடுத்துக்காட்டவில்லை என்றால் அது அன்றைக்கு இருந்திருக்கவே இல்லை என்பது அவருடைய அடிப்படை வாதங்களில் ஒன்று. இதற்குப் பதில் சொன்னவர்கள் கூச்சலிடவில்லை. முஹம்மத் முஸ்தஃபா அஃஸமி கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து, 1968இல் வெளியிட்ட நூலில், ஹதீஸ்கள் மிகத் தொடக்கத்திலேயே எழுத்திலும் பதிவாயின என்பதற்கான சான்றுகளைத் திரட்டினார். பின்னர் 1985இல் ஷாக்டின் நூலுக்கு நேரடியாகவே மறுப்பு எழுதினார். அதைவிடச் சுவையானது, மேற்கத்தியரான ஹரால்ட் மோட்ஸ்கி செய்தது. அவர் அப்துர் ரஸ்ஸாக்கின் முஸன்னஃப் என்னும் பழைய ஹதீஸ் தொகுப்பை எடுத்துக்கொண்டு, இப்னு ஜுரைஜ் தம் ஆசிரியர் அதாவிடமிருந்து அறிவிப்பவற்றை ஆராய்ந்தார். ஆசிரியருக்குத் தெரியாத இடங்களையும், தமக்கு ஐயமுள்ள இடங்களையும், ஆசிரியரோடு முரண்படும் இடங்களையும் இப்னு ஜுரைஜ் மறைக்காமல் சொல்கிறார். புனைபவர் எவரும் தம் சரக்குக்குத் தாமே இப்படிக் குறை வைக்க மாட்டார் என்பது மோட்ஸ்கியின் முடிவு. யார் யாரிடமிருந்து கேட்டார் என்று சொல்லும் அறிவிப்பாளர் தொடர்களை மொத்தமாகத் தள்ளிவிட முடியாது என்று மேற்கத்திய ஆய்வு உலகத்துக்குள்ளேயே நிலைநாட்டியவர் அவர்.

இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்கள் உண்டு என்பது நமக்குப் புதிய செய்தியா என்ன? 12ஆம் நூற்றாண்டிலேயே இப்னுல் ஜவ்ஸி அவற்றைத் தனியாகத் தொகுத்துவிட்டார். கேள்வி எவ்வளவு, எதை வைத்துப் பிரிப்பது என்பதுதான்.

இங்கே இந்திய முஸ்லிம் சீர்திருத்தவாதியான ஸர் ஸையித் அஹ்மத் கானையும் நினைத்துக்கொள்கிறேன். வில்லியம் மூர் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி, மதப்பிரசாரகர் ஒருவரின் தூண்டுதலால், 1858 முதல் 1861 வரை நான்கு தொகுதிகளில் நபிகளாரின் வரலாற்றை எழுதினார். மூலங்கள் எல்லாம் அரபியில் உள்ளவை. முடிவுகள் பல இடங்களில் கசப்பானவை. ஸையித் அஹ்மத் கான் 1869இல் லண்டன் சென்று, அங்கிருந்த நூலகங்களில் தேடி, கடன்பட்டு, 1870இல் மறுப்புக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் அச்சிட்டார். மூரின் நூலைப் படிக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. இந்த அறிவிப்பை நீங்கள் நம்பியது ஏன், அந்த அறிவிப்பாளரின் தரம் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். கார்லைலை மேற்கோள் காட்டுவதைவிட இது கடினமான வேலை.

நெறியாளர்

இன்றைய தேர்தல் அரசியலைப் பற்றிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. இழையின் பொருளிலேயே தொடரவும்.

கால்தடம்

ஏடுபுரட்டி சொன்னதற்குத் தொடர்ச்சியாக ஒன்று. மேற்கத்திய ஆய்வு தன்னைத் தானே திருத்திக்கொண்ட வேறு இடங்களும் உண்டு. 1977இல் பத்ரீசியா குரோனும் மைக்கேல் குக்கும் இஸ்லாமிய மூலங்களை ஒதுக்கிவிட்டு, கிரேக்கம், சிரியாக், அர்மேனியம் முதலிய மொழிகளில் பிற சமயத்தார் எழுதியவற்றை மட்டும் வைத்துத் தொடக்ககால வரலாற்றை எழுதிப் பார்த்தார்கள். பெரும் பரபரப்பு உண்டாயிற்று. ஆனால் அந்த வரலாற்றை அப்படியே ஏற்றவர்கள் மிகச் சிலர். 2006இல் குரோனே எழுதிய கட்டுரையில், நபிகள் வாழ்ந்தவர் என்பதில் ஐயமில்லை என்றும், குர்ஆனின் பெரும்பகுதி அவர் வாயிலிருந்து வந்தது என்று நம்ப இடமுண்டு என்றும் சொன்னார். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உள்ள குர்ஆன் ஏடுகளின் தோலைக் கரிமச் சோதனை செய்தபோது 568 முதல் 645 வரையிலான காலம் கிடைத்ததாக 2015இல் அறிவித்தார்கள். அது தோலின் காலமே தவிர மையின் காலமன்று. இருந்தாலும் குர்ஆன் தொகுப்பு முடிய 200 ஆண்டுகள் ஆயின என்ற பழைய ஊகத்துக்கு அதன்பின் நிற்க இடமில்லை.

வாளால் பரவிய மதம் என்ற பழைய வழக்கையும் உடைத்தது மேற்கத்தியர்களின் ஆய்வே. தாமஸ் ஆர்னால்டு 1896இல் அதை நீண்ட நூலாக மறுத்தார். 1979இல் ரிச்சர்ட் புல்லியட் புதிய வழி ஒன்றைக் கண்டார். இடைக்கால வாழ்க்கைக் குறிப்புத் தொகுப்புகளில் உள்ள தலைமுறைப் பெயர் வரிசைகளில், எந்தத் தலைமுறையில் முதன்முதலாக முஸ்லிம் பெயர் தோன்றுகிறது என்று எண்ணினார். படையெடுப்பு சில பத்தாண்டுகளில் முடிந்துவிட்டது. மக்கள் மதம் மாறியதோ நூற்றாண்டுகளாக மெல்ல நடந்திருக்கிறது. வாளும் மதமாற்றமும் ஒரே நாளில் நடந்தவை அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அவர் இஸ்லாத்தைப் புகழவில்லை, பெயர்களை எண்ணினார்.

எட்வர்ட் சயீத் 1978இல் சொன்னதையும் மறக்கக் கூடாதுதான். கீழை நாடுகளைப் பற்றிய மேற்கத்தியரின் ஆய்வான கீழைத்தேயவியல் அதிகாரத்தின் நிழலில் வளர்ந்தது என்ற அவர் குற்றச்சாட்டுக்கு வேறு சான்று தேடவே வேண்டாம்; டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே ஒருவரே போதும். 1885இல் முஸ்லிம் பெயரோடு மக்காவில் தங்கி அதைப் பற்றி அரிய நூல் எழுதிய அவர், பின்னர் சுமத்ராவின் அச்சே மக்களை ஒடுக்கும் போரில் டச்சு அரசுக்கு ஆலோசகரானார். அவர் திரட்டிய அறிவு உண்மையானது, அதன் பயன் கொடியது. ஆனால் சயீத் தம் நூலில் பிரிட்டிஷ், பிரெஞ்சு எழுத்தாளர்களையே பெரிதும் எடுத்துக்கொண்டு ஜெர்மன் மொழி ஆய்வை விட்டுவிட்டார். நோல்டெக்கேயும் கோல்ட்ஸிஹரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

வினாக்குறி

ஷரீஅத் என்றாலே தண்டனைச் சட்டம் என்று எண்ணும்படி எழுதுகிறார்களே, அதுவும் இந்த வரலாற்றைச் சேர்ந்ததா?

மறைநிழல்

பெரும்பாலும் ஆம். ஷரீஅத்தை விளக்கும் ஃபிக்ஹ் நூலைத் திறந்தால் முதல் அத்தியாயம் தூய்மை. பிறகு தொழுகை, ஜகாத், நோன்பு, ஹஜ். தண்டனைகள் வெகு பின்னால் வருகின்றன. மனிதச் செயல்கள் கடமை, விரும்பத்தக்கது, அனுமதிக்கப்பட்டது, வெறுக்கத்தக்கது, விலக்கப்பட்டது என்று ஐந்தாகப் பகுக்கப்படுகின்றன. நடுவில் உள்ள மூன்றில் எந்த நீதிபதிக்கும் வேலையில்லை. அந்த வகையில் ஹுர்குரோன்யே, ஃபிக்ஹைச் சட்டம் என்பதைவிடக் கடமைகளைப் பற்றிய கல்வி என்பதே பொருந்தும் என்று சொன்னது சரியான கணிப்பு. அவர் செய்த காரியத்தை நான் மன்னிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதை மறைக்கவும் மாட்டேன்.

நேர்வழி

உஸ்தாதே இப்படிச் சொன்னபிறகு நான் பிடிவாதம் பிடிப்பது அழகன்று. ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மனமில்லை. கார்லைலின் வரிகளை முதன்முதலில் படித்தபோது எனக்கு வயது 15. அன்றைக்கு அது தந்த தலைநிமிர்வைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

ஏடுபுரட்டி

நானும் அதைப் பொய் என்று சொல்லவில்லை, சகோதரரே. எனக்கும் ஏறத்தாழ அதே வயதில் அதே நிமிர்வு வந்தது. இப்போது என்னை உறுத்துவது வேறு. மர்யமின் மகனைக் கிறிஸ்தவர்கள் வரம்புமீறிப் புகழ்ந்ததுபோல் என்னைப் புகழாதீர்கள், நான் ஓர் அடியான், அல்லாஹ்வின் அடியார் என்றும் தூதர் என்றும் சொல்லுங்கள் என்று நபிகளார் (ஸல்) சொன்னதாகப் புகாரியில் வருகிறது. தொழுகையில் அமர்ந்து ஓதும் அத்தஹிய்யாத்தில் நாம் சொல்லும் சாட்சியத்திலும் அடியார் என்பது முதலில், தூதர் என்பது பிறகு. கார்லைலின் மாவீரர் யாருக்கும் அடியார் அல்லர்; தம் உள்ளத்தின் ஆழத்திலிருந்து பேசுபவர். ஹார்ட்டின் முதலாமவர் இரண்டாம் இடத்தில் உள்ள நியூட்டனை வென்றவர். இந்த இரண்டு பீடங்களிலும் அடியார் என்ற சொல்லுக்கு இடமில்லை. தொழுகையில் ஒன்றைச் சாட்சி சொல்லிவிட்டு, மேடையில் ஏறி வேறொன்றைச் சாட்சியாகக் காட்டியிருக்கிறேன். இனி அவர்களை மேற்கோள் காட்டுவதானால் முன்னும் பின்னுமுள்ள வரிகளோடு முழுமையாகக் காட்டுவேன். ஒருவேளை நேரம் போதாமல், காட்டாமலே விட்டுவிடவும் கூடும்.

வினாக்குறி

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்றிரவு 55ஆம் அத்தியாயத்தின் ஓதலைத் தேடிக் கேட்டேன். பெயர்ப்பை முன்பே படித்திருந்தேன். "உங்கள் இறைவனின் அருட்கொடைகளில் எதைப் பொய்யாக்குவீர்கள்" என்ற வரி 78 வசனங்களுக்குள் 31 முறை வருகிறது. அச்சில் பார்த்தபோது கண் அதைத் தாண்டித் தாண்டிப் போனது. கேட்கும்போது நடுவில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். ஓதியவர் ஒவ்வொரு முறையும் அந்த வரியை ஒரே மாதிரி ஓதவில்லை, அல்லது எனக்கு ஒரே மாதிரி கேட்கவில்லை. அரபி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது.

உஸ்தாத், அந்த வரியில் "உங்கள்" என்பது இருவரைக் குறிக்கும் சொல் என்று ஓர் அடிக்குறிப்பில் பார்த்தேன். யார் அந்த இருவர்?

மறைநிழல்

அரபியில் ஒருமை, பன்மையோடு இருமையும் உண்டு. அந்த இருவர் மனித இனமும் கண்ணுக்குத் தெரியாத ஜின் இனமும் என்பது விரிவுரையாளர்களின் பரவலான கருத்து; அதே அத்தியாயத்தின் 33ஆம் வசனம் இரண்டு கூட்டத்தாரையும் பெயர் சொல்லி அழைக்கிறது. தமிழில் இருமை இல்லாததால் பெயர்ப்பில் அது "நீங்கள்" ஆகிவிடுகிறது. மீண்டும் கேட்கும்போது பெரும்பாலான வசனங்களின் ஈற்றில் வரும் "ஆன்" என்ற ஓசையைக் கவனியுங்கள். அந்த இருமை வடிவம் அந்த ஓசைக்குள்தான் வந்து அமர்கிறது.